பூட்டியைத் தேடுகிறவர்கள் பதிவேட்டின் ஓரத்தையும் பாருங்கள்

யாழ்ப்பாணத்தில் பழைய கடதாசிகளைப் பேணுவதும், கேட்டு வருகிறவர்களுக்கு அவற்றில் குடும்பங்களைத் தேடிக் கொடுப்பதும் என் தொழில். வருகிறவர்கள் அப்பப்பா வழியை நாலு தலைமுறைக்குக் கடகடவென்று சொல்லுவார்கள். அம்மம்மாவின் தாய் யார் என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். "அந்தக் காலத்தில பொம்பிளையளைப் பற்றி ஆர் எழுதி வைச்சவை?" என்பார்கள். எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். மகளாக, மணமகளாக, தாயாக, ஞானஸ்நானத்தில் பிள்ளையை ஏந்தும் ஞானத்தாயாக, ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு மாதிரி எழுதியிருக்கிறார்கள். அவளுடைய பெயரை மட்டும் தேடிப் போனால் கிடைக்காது. அவளைச் சுற்றி இருந்தவர்களைத் தேடிப் போக வேண்டும்.

கனடாவிலிருந்து வந்த ஒரு தங்கச்சியின் தேடலை அவருடைய சம்மதத்தோடு சொல்கிறேன். பெயர்களைத் தவிர்த்துவிடுகிறேன். அவரிடம் இருந்தது அம்மம்மாவின் தாயான பூட்டியை வீட்டில் கூப்பிட்ட செல்லப்பெயரும், "இளவாலைப் பக்கத்துப் பெட்டை" என்று அம்மம்மா சொன்ன ஒரு வார்த்தையும்தான். பூட்டன் வழியில் மட்டும் ஒரு கொப்பி நிறைய எழுதி வைத்திருந்தார். "பேர் தெரியாம எப்பிடியக்கா தேடுறது?" என்று கேட்டார். பிள்ளைகளிலிருந்து தொடங்குவோம் என்றேன்.

அம்மம்மாவின் ஞானஸ்நானப் பதிவு பூட்டன் ஊர்ப் பங்குக் கோயிலில் கிடைத்தது. தாயின் பெயரும் அதிலே இருந்தது, ஆனால் லத்தீன் உருவத்தில். இந்த இடத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். பழைய கத்தோலிக்கப் பதிவேட்டை எழுதிய சுவாமிமார் ஊர்ப் பெயரைத் தங்கள் மொழிக்கு மாற்றி எழுதியிருப்பார்கள். இராயப்பு பேத்ருஸ் ஆகிவிடுவார். சின்னப்பு பவுலுஸ், அருளப்பு யோவான்னெஸ், சூசைப்பிள்ளை யோசேபுஸ், சந்தியாப்பிள்ளை யாக்கோபுஸ். சின்னப்பு என்றால் சின்ன அப்பு என்று நினைத்துக்கொண்டு பவுலுஸைக் கடந்து போனவர்களை எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். அன்னம்மாவும் மரியம்மாவும் அன்னா, மரியா என்று நிற்பார்கள், ஒரே பக்கத்தில் நாலைந்து பேர். வீட்டுப் பெயர் அங்கே வரவே வராது.

அதனால் முதல் பிள்ளையின் ஞானத்தாய், ஞானத்தந்தை யார் என்று பார்க்கச் சொல்லுவேன். நம்மவர்கள் அதற்கு நெருங்கிய சொந்தத்தைத்தான் நிறுத்துவார்கள். மூத்த பிள்ளையின் ஞானத்தாய் வேறு ஊர்க்காரி என்று எழுதியிருந்தால், அது தாயின் பிறந்த ஊராக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. எங்களுக்கும் அப்படித்தான் இளவாலை உறுதியானது.

அடுத்தது கல்யாணப் பதிவு. கல்யாணம் பொதுவாகப் பெண்ணின் பங்கில்தான் நடக்கும், ஆகவே மாப்பிள்ளையின் ஊரில் மட்டும் தேடிவிட்டு இல்லை என்று சொல்லாதீர்கள். மூன்று கிழமைக்குக் கோயிலில் ஓலை கூறிய, அதாவது கல்யாணத்தை முன்கூட்டியே அறிவித்த விபரம், சாட்சிகள், இரண்டு பக்கத்துத் தாய் தகப்பன் பெயர்கள் எல்லாம் அந்தப் பதிவில் வரக்கூடும். 1911இல் நடந்த இந்தக் கல்யாணத்தின் பதிவில் அதற்கும் மேலே இரண்டு லத்தீன் சொற்கள் இருந்தன. இரண்டாம் தரத்து இரத்த உறவுக்கு ஆயரிடம் விலக்கு வாங்கியிருக்கிறார்கள்.

மச்சான் மச்சாளைக் கட்டுவது எங்களுக்குச் சாதாரணம். திருச்சபைச் சட்டத்துக்கோ அது தடை, விலக்கு வாங்காமல் கல்யாணம் இல்லை. பழைய கணக்கில் இரண்டாம் தரம் என்றால் சொந்த மச்சான் மச்சாள். மூன்றாம் தரம் என்றால் அப்படிப்பட்ட இருவருக்கும் தனித்தனியே பிறந்த பிள்ளைகள். விலக்குக் கேட்டு எழுதும் விண்ணப்பத்தில் உறவு எந்த வழியில் வருகிறது என்று கிளை கிளையாகக் காட்ட வேண்டும். அந்தக் கடதாசி தப்பியிருந்தால் குடும்ப மரம் ஏற்கனவே வரைந்து கிடக்கிறது என்றுதான் அர்த்தம். எங்களுக்கு அது கிடைக்கவில்லை. ஆனால் அந்த இரண்டு சொல்லே போதுமாக இருந்தது. பூட்டியும் பூட்டனும் ஒரே பாட்டன் பாட்டியின் பேரப்பிள்ளைகள். மாதக்கணக்காகத் தேடிய பூட்டியின் முன்னோரில் பாதிப் பேர், பூட்டனின் பக்கம் என்று அவர் எழுதி வைத்திருந்த அதே கொப்பியில் இருந்திருக்கிறார்கள். அந்தத் தங்கச்சி கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு கன நேரம் ஒன்றும் பேசவில்லை.

பிறகு இளவாலைப் பக்கத்து ஞானஸ்நானப் பதிவேடு. இரண்டு வருட இடைவெளியில் ஒரே பெயரோடு இரண்டு பெண்பிள்ளைகள், இரண்டு பேரின் தகப்பன்மாருக்கும் ஒரே பெயர். எது அவர்? ஓரத்தைப் பார்த்தோம். 1908இல் நடைமுறைக்கு வந்த பாப்பரசரின் ஆணைப்படி, ஒருவர் கல்யாணம் முடித்தால் அதை அவருடைய ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் குறிக்க வேண்டும். இரண்டாவது பிள்ளையின் பக்கத்தில் மங்கிய மையில் அந்த 1911ஆம் ஆண்டுத் திகதியும் பூட்டனின் பெயரும் இருந்தன. அதனால்தான் படம் எடுக்கிறவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன்: உங்களுக்கு வேண்டிய நாலு வரியை மட்டும் எடுக்காதீர்கள். ஓரத்தோடும் தலைப்போடும் முழுப் பக்கத்தையும் எடுங்கள்.

புரட்டஸ்தாந்து குடும்பங்களுக்கு வழி கொஞ்சம் வேறு. அமெரிக்க மிசன் 1816இல் வந்து, 1824இல் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கியது. பணம் அனுப்பிய அமெரிக்கர்களின் பெயரைப் பிள்ளைகளுக்கு வைக்கிற வழக்கம் அங்கே இருந்தது. வட்டுக்கோட்டையில் படித்த ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளைக்கும் கறோல் விசுவநாதபிள்ளைக்கும் முன்னால் நிற்கும் பெயர்கள் அப்படி வந்தவை. ஆகவே உங்கள் பூட்டி ஓர் அமெரிக்கப் பெண்ணின் பெயரோடு பட்டியலில் நின்றால் வேறு யாரோ என்று தள்ளிவிடாதீர்கள். ஊரின் பெயரும் வட்டுக்கோட்டைக்குப் பட்டிக்கோட்டா, உடுவிலுக்கு ஊடூவில் என்றுதான் இருக்கும். மிசனின் கடிதங்களும் அறிக்கைகளும் ஹார்வர்ட் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன.

சரி, பதிவேடே இல்லாவிட்டால்? 1990இலும் 1995இலும் இடம்பெயர்ந்தபோது எத்தனையோ கோயில்களின் புத்தகங்கள் போய்விட்டன. அப்போது காணி உறுதிகளை எடுங்கள். 1707இல் ஒல்லாந்தர் எழுதுவித்த, யாழ்ப்பாணத்தாரின் வழமைச் சட்டமான தேசவழமையில் தாயின் சீதனம் பெண்பிள்ளைகளுக்குப் போவது. பழைய சீதன உறுதியில் "என் தாயார் எனக்குச் சீதனமாகத் தந்த" என்ற வசனத்தைக் கண்டால் அங்கே நின்று வாசியுங்கள். ஆண்களின் பெயரில் போகும் வம்ச வரலாற்றில் இல்லாத தாய்வழி, காணியின் எல்லை விபரத்துக்கு நடுவில் இருக்கும். உறுதி பழசு, காணி விற்றாயிற்று என்று எரிக்கிறவர்களைக் கண்டால் எனக்கு நெஞ்சு பதறும்.

இன்னொன்று. பழைய சான்றிதழை லமினேட் செய்யாதீர்கள், செலோடேப் ஒட்டாதீர்கள். ஒரு குடும்பம் பாதுகாப்பு என்று நினைத்துத் தொடர்பகம் ஒன்றில் லமினேட் செய்த ஞானஸ்நானச் சான்றிதழ் என்னிடம் வந்தது. சூட்டில் பிளாஸ்டிக்கும் கடதாசியும் ஒன்றாகிவிட்டன. பிரித்தால் எழுத்தும் சேர்ந்து வரும். பழைய மை இரும்புச் சத்து உள்ளது, தானாகவே கடதாசியை அரிக்கும், ஈரம் பட்டால் இன்னும் வேகமாக அரிக்கும். கழுவித் துடைத்த காய்ந்த கையால் தொடுங்கள், எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டாதீர்கள், பிளாஷ் போடாமல் யன்னல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். கோயிலுக்கு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிகிற நேரத்தில் போகாமல், முன்கூட்டியே சுவாமிக்குக் கடிதம் எழுதிவிட்டுக் கிழமை நாளில் போங்கள்.

கனடாத் தங்கச்சி திரும்பிப் போக முதல் நாள் இன்னொரு பதிவைப் பார்த்தோம். பூட்டியின் மூத்த மகளுடைய கல்யாணப் பதிவு. மணமகளுக்கு 21 வயது ஆகவில்லை, தகப்பன் இறந்துவிட்டார். ஆகவே சம்மதம் கொடுத்துக் கையெழுத்து வைத்தவர் தாய். சாட்சிகளில் ஒருவர் கைநாட்டு வைத்திருக்க, இவர் பெரிய பெரிய தமிழ் எழுத்தில் கோட்டைத் தாண்டி எழுதியிருந்தார். ஞானஸ்நானப் பெயரை அல்ல. வீட்டில் எல்லோரும் கூப்பிட்ட அந்தச் செல்லப்பெயரை.