எம்.சி.பி. வயரைக் காக்கும், ஆளைக் காப்பது எது?

"வீடு முழுக்க எம்.சி.பி. போட்டிருக்கோம், அப்புறம் எப்படி சார் ஷாக் அடிக்கும்?" வயரிங்கைச் சோதித்துப் பார்க்கப் போகிற இடங்களில் என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. கேட்பவர்களில் நன்றாகப் படித்தவர்களும் உண்டு. எம்.சி.பி. என்பது மெயின் சுவிட்ச் பெட்டிக்குள் இருக்கும், தானாகவே அணைந்துவிடும் சுவிட்ச். அது எதற்காக இருக்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

எம்.சி.பி. செய்வது, சுவருக்குள் ஓடும் வயரைக் காப்பாற்றும் வேலை. வயர் தாங்கும் அளவைத் தாண்டி மின்னோட்டம் தொடர்ந்து போனால் அது சூடாகும், மேலுறை உருகும், கடைசியில் தீப்பிடிக்கும். அதைத் தடுக்க உள்ளே இரண்டு ஏற்பாடுகள் வைத்திருக்கிறார்கள். ஒன்று, சூட்டில் வெவ்வேறு அளவு விரியும் இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த பட்டை. அது சூடேறினால் வளைந்து சுவிட்சைத் தட்டிவிடும். இன்னொன்று கம்பிச்சுருள். ஷார்ட் சர்க்யூட் ஆகும்போது பாயும் பெரும் மின்னோட்டத்தில் அது காந்தமாகி, இணைப்பை உடனே பிரித்துவிடும். 16 ஆம்பியர் எம்.சி.பி. என்றால் 16 ஆம்பியர் வரை அது அசையாது. சற்றுக் கூடினாலும் பட்டை சூடாக நேரம் பிடிக்கும். 'சி' வகை என்று எழுதியிருந்தால், கம்பிச்சுருள் சட்டென்று வேலை செய்ய 80 முதல் 160 ஆம்பியர் வரை வேண்டும்.

சரி, இப்போது ஒருவர் ஈரக் கையோடு, தரையில் வெறுங்காலுடன் நின்று, 230 வோல்ட் பேஸ் கம்பியைத் தொட்டுவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். காய்ந்த தோல் மின்சாரத்தை ஓரளவு தடுக்கும், ஈரத்தில் அந்தத் தடை பெருமளவு போய்விடும். அப்போது உடலின் மின்தடை ஏறத்தாழ 1000 ஓம். 230-ஐ 1000-ஆல் வகுத்தால் 0.23 ஆம்பியர். 16 ஆம்பியருக்குக் காத்திருக்கும் எம்.சி.பி.க்கு இது ஒரு விளக்கு எரிவது மாதிரிதான். அதற்கு ஆபத்து என்று தெரிய வழியே இல்லை. அந்த மனிதர் தரையில் கிடப்பார், எம்.சி.பி. நிமிர்ந்தே நிற்கும்.

உடலுக்கு எவ்வளவு மின்னோட்டம் ஆபத்து? 1 மில்லி ஆம்பியர், அதாவது ஆம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்கு போனாலே சுருக்கென்று தெரியும். 10, 15 மில்லி ஆம்பியரில் பலரால் பிடித்ததை விட முடியாது. "கரண்ட் இழுத்துக்கிச்சு" என்று சொல்கிறோமே, அது இந்த நிலை. உண்மையில் மின்சாரம் யாரையும் இழுப்பதில்லை. விரல்களை மடக்கும் தசைகள் விரிக்கும் தசைகளைவிட வலுவானவை. எல்லாத் தசைகளும் ஒரே நேரத்தில் இறுகும்போது மடக்கும் தசைகள் ஜெயித்துவிடும், கை கம்பியை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்சியெல் தன்னார்வலர்களை வைத்து இதை அளந்து பார்த்தார். பிடித்ததைத் தானாக விட முடிகிற எல்லை ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு 10.5 என்று கண்டார்.

அதற்கு மேலே போனால் மார்புத் தசைகள் இறுகி மூச்சு தடைப்படும். 50 மில்லி ஆம்பியருக்கு மேல் ஒரு விநாடி அளவுக்கு மார்பு வழியாகப் போனால் இதயம் சீராகத் துடிப்பதை விட்டுவிட்டு நடுங்க ஆரம்பிக்கலாம். நடுங்கும் இதயத்தால் ரத்தத்தைத் தள்ள முடியாது. சின்னஞ்சிறு எல்.இ.டி. பல்புக்குப் போகும் மின்னோட்டமே சில பத்து மில்லி ஆம்பியர்தான் என்பதை இங்கே நினைத்துப் பாருங்கள்.

ஆளைக் காப்பதற்கென்றே இருக்கும் கருவி ஆர்.சி.சி.பி. சில இடங்களில் ஈ.எல்.சி.பி. என்ற பழைய பெயரிலேயே கேட்பார்கள். மெயின் சுவிட்ச் பெட்டிக்குள் எம்.சி.பி.களுக்குப் பக்கத்தில், அவற்றைவிட அகலமாக, 'டி' என்ற ஆங்கில எழுத்தோ 'டெஸ்ட்' என்ற சொல்லோ போட்ட சிறு பட்டனுடன் இருக்கும். அந்தப் பட்டன் எதிலுமே இல்லையென்றால் உங்கள் வீட்டில் அது இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

இதன் உள்ளே இருக்கும் யோசனை எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. பழைய ஆர்.சி.சி.பி. ஒன்றைப் பிரித்துப் பார்த்தால் நடுவில் வளையல் போல ஓர் இரும்புக் கலவை வளையம் இருக்கும். வீட்டுக்குள் போகும் பேஸ், திரும்பி வரும் நியூட்ரல் இரண்டு கம்பிகளும் அந்த வளையத்துக்குள் புகுந்து செல்லும். மின்னோட்டம் போகும் கம்பியைச் சுற்றிக் காந்தப்புலம் உண்டாகும். போவதும் வருவதும் சம அளவாக, எதிரெதிர்த் திசையில் இருப்பதால் இரண்டு கம்பிகளின் காந்தப்புலமும் ஒன்றையொன்று அழித்துவிடும். வளையத்துக்கு எதுவும் தெரியாது. நீங்கள் ஒரு பல்பைப் போட்டாலும், ஏ.சி., ஹீட்டர், அயர்ன் பாக்ஸ் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டாலும் அப்படித்தான்.

ஒருவர் பேஸைத் தொட்டு, அவர் உடல் வழியாகக் கொஞ்சம் மின்சாரம் தரைக்குப் போய்விட்டால், அந்தக் கொஞ்சம் நியூட்ரல் வழியாகத் திரும்பி வராது. போனதற்கும் வந்ததற்கும் வித்தியாசம் விழுந்துவிட்டது. அந்த வித்தியாசத்தின் அளவுக்கு வளையத்தில் காந்தப்புலம் மிஞ்சும். வளையத்தின் மேல் மெல்லிய கம்பியில் இன்னொரு சுருள் சுற்றியிருக்கிறது. மாறும் காந்தப்புலம் கம்பியில் மின்சாரத்தைத் தூண்டும் என்று 1831-ல் மைக்கேல் ஃபாரடே காட்டினாரே, அதன்படி இந்தச் சுருளில் சிறு துடிப்பு எழும். ஒரு நிரந்தரக் காந்தம் பிடித்துவைத்திருக்கும் குட்டி நெம்புகோலை விடுவிக்க அந்தத் துடிப்பு போதும். நெம்புகோல் விலகியதும் இறுகியிருந்த ஸ்பிரிங் இரண்டு கம்பிகளையும் துண்டித்துவிடும். கைப்பிடியை நீங்கள் மேலே தள்ளும்போதே அந்த ஸ்பிரிங்குக்குச் சக்தி ஏற்றிவிடுகிறீர்கள். அதனால் இந்த வகைக்குத் தனி மின்சாரமோ பேட்டரியோ தேவையில்லை.

1950-களின் நடுவில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் தொழிலாளர்களைக் காக்க ஹென்றி ரூபின் என்ற பொறியாளர் இந்தத் தத்துவத்தில் நுட்பமான கருவிகளைச் செய்தார். ஐரோப்பாவில் ஆஸ்திரியாவின் கோட்ஃப்ரீட் பீகல்மையர் இதே வழியில் உழைத்தார். டால்சியெல் 1960-களின் தொடக்கத்தில் சுமார் 5 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் கருவியை உருவாக்கினார். அமெரிக்க வீடுகளில் இன்றும் அந்த அளவுதான் வழக்கம், மற்ற பல நாடுகளில் 30 மில்லி ஆம்பியர்.

இந்த 30-ஐப் பற்றி ஒரு தவறான எண்ணம் எலக்ட்ரீஷியன்களிடமும் உண்டு. ஆர்.சி.சி.பி. இருந்தால் உடலுக்குள் 30 மில்லி ஆம்பியருக்கு மேல் போகாது என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நாம் கணக்குப் போட்ட அதே 230 மில்லி ஆம்பியர் முழுதாகப் போகும். கருவி குறைப்பது நேரத்தை. 150 மில்லி ஆம்பியர் கசிந்தால் 40 மில்லி விநாடிக்குள், அதாவது விநாடியில் 25-ல் ஒரு பங்குக்குள் துண்டிக்க வேண்டும் என்பது சர்வதேசத் தரவிதி. ஓர் இதயத் துடிப்புக்கு ஏறக்குறைய 800 மில்லி விநாடி ஆகும். அதில் மிகச் சிறு பகுதிக்குள் மின்சாரம் நின்றுவிடுவதால்தான் ஆள் பிழைக்கிறார். ஷாக் அடித்தது தெரியும், வலிக்கும், பயந்து துள்ளுவார். ஆனால் உயிரோடு இருப்பார்.

நான் அடிக்கடி பார்த்து வருத்தப்படுவது வேறொன்று. ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழுகிறது என்று வீட்டுக்காரர் சொல்வார், வந்தவர் அதைத் தாண்டி ஒரு வயரைப் போட்டு நேரடியாக இணைத்துவிட்டுப் போய்விடுவார். பெட்டியில் கருவி அழகாக உட்கார்ந்திருக்கும், எதையும் காக்காது. விழுகிறது என்றால் எங்கோ மின்சாரம் கசிகிறது என்று பொருள். அதைத் தேடுவதுதான் முறை.

வாட்டர் ஹீட்டர் இதில் முதல் சந்தேக நபர். அதன் எலிமென்ட் ஓர் உலோகக் குழாய். குழாய்க்கு நடுவில் சூடாகும் கம்பி, சுற்றிலும் இறுக்கி அடைத்த மெக்னீசியம் ஆக்சைடு தூள். அந்தத் தூள் சூட்டை நன்றாகக் கடத்தும், மின்சாரத்தைக் கடத்தாது. உப்பு நீரில் குழாய் அரித்து மயிரிழை அளவு விரிசல் விட்டாலும் ஈரம் தூளுக்குள் இறங்கிவிடும், கசிவு தொடங்கும். தண்ணீர் வழக்கம்போலச் சுடும், அதனால் யாருக்கும் சந்தேகமே வராது. ஆர்.சி.சி.பி. மட்டும்தான் சொல்லும்.

கசிவைத் தேடும்போது ஒரு நுணுக்கம். பெரும்பாலான எம்.சி.பி.கள் பேஸை மட்டும்தான் துண்டிக்கும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும், அதாவது தரையோடு இணைத்த கம்பிக்கும், இடையே கசிவு இருந்தால் எம்.சி.பி.யை அணைத்தாலும் அது போகாது. எனவே பிளக்கையே சுவரிலிருந்து பிடுங்கிப் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, ஆர்.சி.சி.பி.யைப் போட்டு, ஒவ்வொன்றாகச் செருகினால் எதில் விழுகிறது என்று தெரிந்துவிடும். எதையும் செருகாமலே விழுந்தால் வயரிங்கில் கோளாறு. இன்வெர்ட்டர் போட்ட வீடுகளில் மெயின் நியூட்ரலையும் இன்வெர்ட்டர் நியூட்ரலையும் சேர்த்து முறுக்கிவிடுவதால் இப்படி ஆவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். போனது ஒரு வழி, திரும்புவது வேறு வழி என்றால் வளையம் அதைக் கசிவாகத்தான் எடுத்துக்கொள்ளும். இன்னொன்று, 30 மில்லி ஆம்பியர் கருவி 15-க்கு மேல் எங்கு வேண்டுமானாலும் விழலாம். பல சாதனங்களின் சில்லறைக் கசிவுகள் சேர்ந்தும் அந்த அளவை எட்டிவிடும். அப்போது அறைகளைப் பிரித்து இரண்டு ஆர்.சி.சி.பி. போடுவதே தீர்வு.

ஆர்.சி.சி.பி. இருக்கிறதே, எர்த் எதற்கு என்றும் கேட்கிறார்கள். இரண்டும் வேண்டும். எர்த் இருந்தால், ஹீட்டரின் உலோக உடம்புக்குப் பேஸ் வந்த நொடியே மின்சாரம் எர்த் வழியாகப் பாய்ந்து ஆர்.சி.சி.பி. விழுந்துவிடும், யாரும் தொடுவதற்கு முன்பே. எர்த் இல்லையென்றால் யாராவது தொடும் வரை கருவி காத்திருக்கும். மூன்று பின் பிளக்கில் எர்த் பின் மற்ற இரண்டையும்விட நீளமாக இருப்பதும் இந்தப் பாதுகாப்புக்காகத்தான். செருகும்போது அது முதலில் சேரும், பிடுங்கும்போது கடைசியில் பிரியும். சாக்கெட்டில் நுழையவில்லை என்று அந்தப் பின்னை உடைத்துவிட்டு மாட்டுவதைப் பார்க்கும்போது எனக்கு மனசு பதறும்.

லேப்டாப்பின் உலோக மேற்பரப்பைத் தடவினால் மெல்லிய அதிர்வு தெரிகிறதே, அதற்கும் எர்த்துக்கும் தொடர்பு உண்டு. மின் இரைச்சலை வடிகட்ட அடாப்டருக்குள் ஒரு சிறு கெபாசிட்டர் வைத்திருப்பார்கள். எர்த் இல்லாத இணைப்பில் அதன் வழியாக ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவான மின்னோட்டம் உங்கள் விரலுக்கு வரும். தரமான அடாப்டரில் அது ஆபத்தில்லை. மலிவான போலி சார்ஜரில் அதே இடத்தில் என்ன இருக்கிறது என்று சொல்ல முடியாது, அதைத் தூக்கிப் போடுங்கள்.

டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்க்கச் சொன்னால் பலர் தயங்குகிறார்கள், ஏதாவது கெட்டுவிடுமோ என்று. கெடாது. அந்தப் பட்டன் ஒரு ரெசிஸ்டர் வழியாகக் கொஞ்சம் மின்சாரத்தை வளையத்துக்குள் போகாமல் சுற்றிவிடும், அவ்வளவுதான். வருடக்கணக்கில் அசையாத ஸ்பிரிங்கும் நெம்புகோலும் ஒட்டிக்கொள்வது உண்டு, அழுத்தினால் அதுவும் தளரும். தயாரிப்பாளர்கள் மாதம் ஒருமுறை அல்லது சில மாதங்களுக்கு ஒருமுறை அழுத்தச் சொல்வார்கள். அழுத்தியும் விழவில்லை என்றால் கருவியை உடனே மாற்ற வேண்டும். ஆனால் எர்த் சரியாக இருக்கிறதா என்பதை இந்தப் பட்டன் சொல்லாது, அதற்குத் தனியாக மீட்டர் வைத்துச் சோதிக்க வேண்டும்.

புதிதாக வாங்கும்போது 30 மில்லி ஆம்பியரா என்று பாருங்கள். 100, 300 என்று வருபவை தீ விபத்தைத் தடுக்க, ஆளைக் காக்க உதவாது. 'ஏசி' வகை, 'ஏ' வகை என்று இரண்டு இருந்தால் 'ஏ' வகையை வாங்குங்கள். வாஷிங் மெஷின் போன்றவற்றில் இப்போது இருக்கும் எலக்ட்ரானிக்ஸ் கசியவிடும் ஒருதிசைத் துடிப்புகளை 'ஏசி' வகை கவனிக்காமல் விடலாம்.

ஆர்.சி.சி.பி.யாலும் முடியாத ஒன்று உண்டு. மரப்பலகை மேல் நின்றுகொண்டு ஒரு கையில் பேஸையும் மறு கையில் நியூட்ரலையும் பிடித்தால், உடல் வழியாகப் போனது அப்படியே நியூட்ரலில் திரும்பிவிடும். வளையத்தின் பார்வையில் நீங்களும் ஒரு பல்புதான். அதனால் எந்தக் கருவி இருந்தாலும் மெயினை அணைக்காமல் வயரில் கை வைக்கக் கூடாது.

யாரையாவது கரண்ட் பிடித்துக்கொண்டால் அவரைத் தொடாதீர்கள், முதலில் மெயினை அணையுங்கள். அணைக்க வழியில்லையென்றால் காய்ந்த கம்பாலோ பிளாஸ்டிக் நாற்காலியாலோ தள்ளி விலக்குங்கள். இது வீட்டு மின்சாரத்துக்கு மட்டும். தெருவில் அறுந்து விழுந்த கம்பி என்றால் கிட்டவே போகாமல் மின்வாரியத்துக்குச் சொல்ல வேண்டும். விடுபட்டவர் அசைவின்றி, மூச்சின்றிக் கிடந்தால் ஆம்புலன்ஸை அழைக்கச் சொல்லிவிட்டு, நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டர் ஆழம் இறங்கும்படி அழுத்துங்கள். உதவி வரும்வரை நிறுத்த வேண்டாம். அவர் எழுந்து உட்கார்ந்து பேசினாலும், மயக்கம், படபடப்பு, நெஞ்சுவலி, தீக்காயம் எது இருந்தாலும் மருத்துவமனையில் இ.சி.ஜி. எடுத்துப் பார்க்க வேண்டும். தோலில் பொட்டு மாதிரி தெரியும் காயத்துக்கு அடியில் தசை ஆழமாக வெந்திருக்கலாம்.