தூரத்துக் கோபுரமும் காதோரக் கைபேசியும்

தெருவில் செல்போன் கோபுரம் வரப்போகிறது என்று தெரிந்தால் போதும், ‘கதிர்வீச்சால் புற்றுநோய் வரும்’ என்று ஆட்சியர் அலுவலகத்தில் மனு விழுந்துவிடும். அந்த மனுவைப் படமெடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பும் கைபேசியின் மீது யாருக்கும் புகார் இல்லை. ஆனால், நம் தலைக்குள் போகும் ரேடியோ அலையில் பெரும்பங்கு காதோடு ஒட்டியிருக்கும் அந்தக் கருவியிலிருந்துதான் வருகிறது.

எக்ஸ்ரே மரபணுவைச் சிதைக்கும் என்பது உண்மை. கைபேசி அலைக்கு அந்தத் தெம்பு கிடையாது. அலை சுமக்கும் ஆற்றலின் மிகச்சிறிய பொட்டலத்துக்கு ஃபோட்டான் என்று பெயர். கைபேசி பயன்படுத்தும் 1800 மெகாஹெர்ட்ஸ் அலையின் ஒரு ஃபோட்டானைவிட, இலையில் பட்டுக் கண்ணுக்கு வரும் பச்சை ஒளியின் ஒரு ஃபோட்டானுக்குச் சுமார் மூன்று லட்சம் மடங்கு ஆற்றல் அதிகம். அந்தப் பச்சை ஒளியே மரபணுவின் பிணைப்பை அறுப்பதில்லை.

கைபேசி அலை செய்வது வேறு. திசுவிலுள்ள நீர் மூலக்கூறுகளை இப்படியும் அப்படியும் திருப்பிச் சற்றே சூடாக்குகிறது. மூளையில் இந்தச் சூடு ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். அதையும் ரத்த ஓட்டம் வாரிக்கொண்டு போய்விடுகிறது. நெடுநேரம் பேசினால் காது தகிக்கிறதே என்றால், அது பெரும்பாலும் பேட்டரியின் சூடும், காற்றுப் புகாமல் காதை மூடி வைத்திருப்பதும்தான்.

ஒரு கிலோ திசு எத்தனை வாட் ஆற்றலை உறிஞ்சுகிறது என்பதைக் குறிப்பது எஸ்.ஏ.ஆர். என்ற அளவு. 2012 செப்டம்பர் முதல் இந்தியாவில் இதன் உச்சவரம்பு 1.6 வாட். *#07# என்று அழுத்தினால் உங்கள் கைபேசியின் எஸ்.ஏ.ஆர். எண் திரையில் வரும். அந்த எண்ணை ஒப்பிட்டுக் கைபேசி வாங்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அது கருவியை முழுத்திறனில் ஓடவிட்டு ஆய்வகத்தில் எடுத்த அளவு. நடைமுறையில் கைபேசி அப்படி ஓடுவது அபூர்வம்.

காது மந்தமானவரிடம் குரலை உயர்த்துகிறோம், நன்றாகக் கேட்பவரிடம் தணித்துக்கொள்கிறோம் அல்லவா? கைபேசியும் அப்படித்தான். கோபுரம் சொல்லச் சொல்லத் தன் திறனை ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்கிறது. 3ஜியில் இது ஒரு நொடிக்கு 1500 முறை நடக்கும். 4ஜி கைபேசியின் உச்சத்திறன் சுமார் 0.2 வாட். சிக்னல் நன்றாக இருந்தால் அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடப் போதும். ஆகவே பக்கத்துக் கோபுரத்தை விரட்டிவிட்டால், தொலைவிலுள்ள கோபுரத்தை எட்டுவதற்காக நம் காதருகே இருக்கும் கருவிதான் ‘கத்த’ வேண்டியிருக்கும்.

கோபுரத்தின் அலையும் மழைபோல நேர்கீழே கொட்டுவதில்லை. ஆண்டெனா அதைத் தட்டையான விசிறியாகப் பக்கவாட்டில் வீசுகிறது. கோபுரத்தைத் தாங்கும் வீட்டைவிட, ஆண்டெனாவின் உயரத்தில் எதிரே உள்ள மாடிக்கே அதிகம் எட்டும். அங்கும் வரம்பு உண்டு: சர்வதேசப் பரிந்துரையில் பத்தில் ஒரு பங்கைத்தான் 2012-இல் இந்தியா வரம்பாக வைத்தது.

அப்படியானால் புற்றுநோய் பேச்சு எங்கிருந்து வந்தது? உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011-இல் இந்த அலைகளை ‘2பி’ பிரிவில் சேர்த்தது. ஐயம் இருக்கிறது, சான்று போதவில்லை என்பது அதன் பொருள். கற்றாழை இலைச் சாறும் பின்னாளில் அதே பிரிவில் இடம்பெற்றது. 2018-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், தினமும் சுமார் ஒன்பது மணி நேரம் உடல் முழுவதும் அலையைப் பாய்ச்சியதில் ஆண் எலிகளின் இதயத்தில் கட்டிகள் தோன்றின. விசித்திரம் என்னவென்றால், அலை படாத எலிகளைவிட அவை அதிக நாள் வாழ்ந்தன. மனிதர்களைப் பற்றிய ஆய்வுகளை உலக சுகாதார நிறுவனத்துக்காகத் திரட்டி 2024-இல் வெளியிட்ட மதிப்பாய்வு, கைபேசிக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பைக் காணவில்லை.

இதற்குப் பிறகும் மனம் ஒப்பவில்லையா? லிஃப்டிலும் ஓடும் ரயிலிலும் சிக்னல் ஒற்றைக் கோட்டுக்கு இறங்கும்போது நீண்ட பேச்சைத் தள்ளிப்போடலாம், இயர்போன் மாட்டிக்கொள்ளலாம். புளூடூத் இயர்போன் அனுப்புவதும் ரேடியோ அலைதான் என்றாலும், அதன் திறன் பொதுவாகச் சில மில்லிவாட்டைத் தாண்டுவதில்லை.