நெருக்கடி முடிந்த பிறகுதான் வரி ஏறுகிறது, ஏன்?

2009 ஜூலையில் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநில அரசாங்கம், தர வேண்டிய பணத்துக்குப் பதிலாகக் கடன் சீட்டு தர ஆரம்பித்தது. கட்டிய வருமான வரியில் ஒரு பகுதி திரும்ப வரும் என்று காத்திருந்தவர்களுக்கும், அரசாங்கத்துக்குப் பொருள் விற்ற வியாபாரிகளுக்கும், ‘இந்தத் தொகையைப் பிறகு வட்டியோடு தருகிறோம்’ என்ற சீட்டு தபாலில் போனது. பல நாடுகளைவிடப் பெரிய பொருளாதாரம் கொண்ட மாநிலம் அது. பணக்காரர்களுக்கும் அங்கே பஞ்சமில்லை. அப்படியிருந்தும் கஜானா எப்படிக் காலியானது?

சிங்கப்பூரில் வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடாது. இங்கே மாநிலம் என்று ஒன்று கிடையாது. ஜிஎஸ்டி (பொருள், சேவை வரி) ஏறினாலும் அதை ஈடுகட்ட உதவிப் பற்றுச்சீட்டு வந்தாலும் ஒரே அரசாங்கம்தான் அறிவிக்கிறது. தமிழ்நாட்டில் உறவினர் இருப்பவர்களுக்கு மட்டும், ஒரு லிட்டர் பெட்ரோல் விலையில் டில்லிக்கு எவ்வளவு, சென்னைக்கு எவ்வளவு என்ற சண்டை பழகிப்போயிருக்கும்.

நாட்டின் அரசாங்கமும் மாநில அரசாங்கமும் நெருக்கடியில் ஒரே மாதிரி நடந்துகொள்ள முடியாது. நாட்டுக்குச் சொந்த நாணயம் இருக்கிறது, மத்திய வங்கி இருக்கிறது, பற்றாக்குறையைக் கடன் வாங்கிச் சில ஆண்டுகள் ஓட்டலாம். மாநிலத்துக்கு அந்த வசதி இல்லை. அமெரிக்காவின் 50 மாநிலங்களில் வெர்மான்ட் தவிர மற்ற 49 மாநிலங்களும், ஏதோ ஒரு விதத்தில் வரவுக்குள் செலவை அடக்க வேண்டும் என்று சட்டம் போட்டு வைத்திருக்கின்றன. இந்தியாவில், மத்திய அரசுக்குக் கடன் பாக்கி வைத்திருக்கும் மாநிலம் மேலும் கடன் வாங்க வேண்டுமானால், அரசமைப்பின் 293ஆம் பிரிவுப்படி மத்திய அரசின் சம்மதம் வேண்டும்.

சரி, பொருளாதாரம் 3 விழுக்காடு சுருங்கினால் வரி வசூலும் 3 விழுக்காடுதானே குறையும்? அப்படி நடப்பதில்லை. சிங்கப்பூரின் தேக்காவில் ஒரு கடை மாதம் 100 வெள்ளிக்கு விற்று, வாடகை, சம்பளம், சரக்கு எல்லாம் போக 10 வெள்ளி லாபம் பார்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். விற்பனை 95 ஆகிறது. கட்டட உரிமையாளர் வாடகையைக் குறைக்க மாட்டார், சம்பளத்தையும் உடனே குறைக்க முடியாது. செலவு பெரிதாக இறங்கவில்லையென்றால் லாபம் 5 வெள்ளிதான். விற்பனை இறங்கியது இருபதில் ஒரு பங்கு, லாபம் இறங்கியதோ பாதி. லாபத்தின் மீது போடப்படும் வரியும் பாதியாகும்.

கலிஃபோர்னியாவின் கதை இதைவிட மோசம். பங்கு விற்ற லாபத்தையும் அந்த மாநிலம் சாதாரண வருமானமாகக் கணக்கிட்டு வரி போடுகிறது. சில நல்ல ஆண்டுகளில் அங்கே வசூலாகும் வருமான வரியில் பாதிக்கு நெருக்கமான தொகை, வரி கட்டுவோரில் மேல்தட்டு ஒரு விழுக்காட்டினரிடமிருந்து வந்திருக்கிறது. பங்குச் சந்தை விழுந்தால் முதலில் காணாமல் போவது அந்தப் பணம். அதே நேரத்தில் செலவு ஏறுகிறது. வேலை போனவர்கள் ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீட்டுக்கு வருகிறார்கள், தனியார் கல்லூரிக்குப் போகவிருந்த பிள்ளை மாநிலக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கிறது. சொத்து வரி மட்டும் மெதுவாக அசையும். மதிப்பீடு சந்தை விலைக்குப் பின்னால்தான் வரும் என்பதால், அந்த வரியை நம்பியிருக்கும் உள்ளூர் அமைப்புகளுக்கு அடி தாமதமாக விழுகிறது.

அந்தத் தாமதம்தான் இந்த விஷயத்தின் மையம் என்பேன். 2008 நிதி நெருக்கடியை ஒட்டி அமெரிக்காவைத் தாக்கிய பெருமந்தம் அதிகாரபூர்வமாக 2009 ஜூனில் முடிந்தது. இல்லினாய் மாநிலம் தனிநபர் வருமான வரியை 3 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாக உயர்த்தியதோ 2011 ஜனவரியில். இடைப்பட்ட காலத்தில் மத்திய அரசாங்கம் அறிவித்த 787 பில்லியன் டாலர் ஊக்கத் திட்டத்தின் ஒரு பகுதி மாநிலங்களைத் தாங்கிப் பிடித்தது. சேமிப்பையும் எடுத்துச் செலவழித்தார்கள், பில் கட்டுவதைத் தள்ளிப்போட்டார்கள். மத்திய உதவி வற்றத் தொடங்கியபோது வேலையின்மை இன்னும் குறைந்தபாடில்லை. மக்களுக்கு ‘அதுதான் எல்லாம் சரியாகிவிட்டதே, இப்போது எதற்கு வரி?’ என்று தோன்றும் வேளையில்தான் வரி ஏறியது.

கலிஃபோர்னியா அவ்வளவு காத்திருக்கவில்லை. 2009 ஏப்ரலில் விற்பனை வரியை ஒரு விழுக்காட்டுப் புள்ளி உயர்த்தி 8.25 ஆக்கியது. வாகனக் கட்டணத்தையும் வருமான வரியையும் சேர்த்தே ஏற்றியது. வரியை உயர்த்தச் சட்டமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும் என்று 1978லேயே அங்கே மக்கள் வாக்களித்து விதி போட்டுவிட்டதால், இதற்குள்ளேயே நடந்த பேரம் கொஞ்சநஞ்சமல்ல. அப்படியும் போதாமல்தான் ஜூலையில் சீட்டு.

வரியை ஏற்றுவதா, செலவை வெட்டுவதா? மந்த காலத்தில் வரி ஏற்றக் கூடாது என்பது பொதுவாகச் சொல்லப்படும் அறிவுரை. பொருளியலாளர்கள் ஜோசஃப் ஸ்டிக்லிட்ஸும் பீட்டர் ஆர்ஸாக்கும் 2001இல் வேறொரு கணக்கைக் காட்டினார்கள். மாநில அரசாங்கம் ஓர் ஆசிரியரை நீக்கினால் அந்தச் சம்பளம் முழுவதும் உள்ளூர்க் கடைகளிலிருந்து மறைகிறது. அதே தொகையை வசதியானவர்களிடம் வரியாக வாங்கினால், அதில் ஒரு பகுதி எப்படியும் அவர்களுடைய சேமிப்பில்தான் கிடந்திருக்கும், கடைக்கு வந்திருக்காது. ஆகவே இரண்டும் கெடுதல்தான் என்றாலும் மேல்தட்டு வருமானத்தின் மீதான வரி குறைந்த கெடுதல். இந்த வாதம் எனக்குச் சரியாகப் படுகிறது. ஆனால் இதையே கலிஃபோர்னியாவோடு சேர்த்துப் பாருங்கள்: மேல்தட்டையே நம்பியிருக்கும் கஜானா அடுத்த சந்தை வீழ்ச்சியில் இன்னும் வேகமாகச் சரியும். இன்றைய மருந்து நாளைய நோயாகிறது, வேறு வழியும் தெரியவில்லை.

இந்திய மாநிலங்களின் நிலைமை இன்னும் நெருக்கடியானது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததும் பெரும்பாலான பொருள்களின் வரி விகிதத்தைத் தனியாக மாற்றும் உரிமை அவற்றிடமிருந்து போய்விட்டது. மிச்சமிருந்ததில் பெரியவை மது, பெட்ரோல் டீசல், பத்திரப் பதிவு, வாகனம். அதனால்தான் 2020 மே மாதம், ஊரடங்குக்கு நடுவே, டில்லி அரசு மதுவுக்கு 70 விழுக்காடு ‘சிறப்புக் கொரோனா கட்டணம்’ போட்டது. அடுத்த மாதம் அதை எடுத்துவிட்டு மதிப்புக்கூட்டு வரியை 20லிருந்து 25 விழுக்காடாக்கியது. தமிழ்நாட்டில் அதே மே மாதம் பெட்ரோல் லிட்டருக்கு 3 ரூபாய்க்கு மேல் ஏறியது, டாஸ்மாக்கில் குவார்ட்டர் விலையும் ஏறியது. இதில் வரலாற்று வேடிக்கை ஒன்று உண்டு. 1937இல் சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்த ராஜாஜி அரசு, போன வருமானத்தை ஈடுகட்டத்தான் 1939இல் சென்னை மாகாணத்தில் பொது விற்பனை வரியைப் போட்டது. விற்பனை வரி கையைவிட்டுப் போனதும் மாநிலம் மறுபடி மதுவிடம் வந்து நிற்கிறது.

சிங்கப்பூருக்கு வருவோம். இது நாடுதான், ஆனால் பணவிஷயத்தில் ஒரு மாநிலத்தைப் போலத் தன்னைத்தானே கட்டிப்போட்டுக்கொண்டிருக்கிறது: அரசாங்கம் தன் பதவிக்காலத்தில் சேர்த்ததற்கு மேல் செலவழிக்க வேண்டுமானால், முந்தைய அரசாங்கங்கள் சேர்த்த இருப்பிலிருந்து எடுக்க அதிபரின் ஒப்புதல் தேவை. கலிஃபோர்னியாவிடம் இல்லாதது அந்த இருப்பு. 2009இல் நிதியமைச்சர் தர்மன் சண்முகரத்னம் கேட்டு, அதிபர் எஸ் ஆர் நாதன் முதன்முறையாக 4.9 பில்லியன் வெள்ளி எடுக்க ஒப்புதல் தந்தார். எடுத்தது 4 பில்லியன், 2011இல் திரும்ப வைத்தாகிவிட்டது. கொவிட் காலத்தில் எடுத்தது அதைப்போல் பத்து மடங்கு, சுமார் 40 பில்லியன்.

ஆகவே இங்கே நெருக்கடியின் நடுவே வரி ஏறுவதில்லை, பல நேரங்களில் இறங்குகிறது. 1985 மந்தத்துக்குப் பிறகு நிறுவன வரி 40லிருந்து 33 விழுக்காடானது, ஊழியர்களின் ஓய்வுக்காலச் சேமிப்பான மசே நிதிக்கு (மத்திய சேம நிதி) முதலாளிகள் செலுத்தும் பங்கு 25லிருந்து 10 ஆனது. ஆனால் அந்த மந்தத்தை ஆராய்ந்த பொருளாதாரக் குழுவே பயனீட்டு வரி வேண்டும் என்றும் சொன்னது. அதுதான் 1994இல் 3 விழுக்காடு ஜிஎஸ்டியாக வந்தது. 2001 மந்தத்தை ஒட்டி ஒரேயடியாக 5 ஆக்க எண்ணி, பொருளாதாரம் பலவீனமாக இருந்ததால் 2003இல் 4, 2004இல் 5 என்று பிரித்தார்கள். 2018இல் அறிவித்த 9 விழுக்காடும் கொவிட்டால் தள்ளிப்போய், 2023இல் 8, 2024இல் 9 என்று வந்து சேர்ந்தது. ஆண்டுக்குப் பத்து லட்சம் வெள்ளிக்கு மேல் சம்பாதிப்பவர்களின் உச்ச வருமான வரியும் 24 விழுக்காடானது.

அப்புறம், ‘தற்காலிக’ வரி. 2012இல் கலிஃபோர்னிய வாக்காளர்கள் உயர் வருமானத்தின் மீது ஏழு ஆண்டுகளுக்கு மட்டும் கூடுதல் வரிக்கு ஒப்புக்கொண்டார்கள். 2016இல் அதுவே 2030 வரை நீண்டது. இல்லினாய் மட்டும் சொன்ன சொல் காத்தது. 2015இல் வரி 5லிருந்து 3.75க்கு இறங்கியது. கஜானாவில் ஓட்டை விழுந்து, இரண்டு ஆண்டுகள் முழுமையான வரவுசெலவுத் திட்டமே இல்லாமல் தள்ளாடி, 2017இல் ஆளுநரின் எதிர்ப்பை மீறி 4.95 ஆக்கினார்கள்.

சிங்கப்பூரில் ஜிஎஸ்டியைத் தற்காலிகம் என்று யாரும் சொன்னதில்லை, ஏறிய விகிதம் ஒருமுறையும் இறங்கியதில்லை. முடிவுத் தேதி வைத்து வருவது அதன் பாரத்தைக் குறைக்கும் உத்தரவாதத் தொகுப்புத் திட்டம். குறைந்த வருமானத்தினருக்கான ஜிஎஸ்டி பற்றுச்சீட்டு நிரந்தரமானது என்றாலும், மற்ற பலருக்குக் கிடைப்பது அந்தத் தேதியுள்ள உதவிதான். பிப்ரவரியில் வரவுசெலவுத் திட்ட உரையைக் கேட்கும்போது வரி எத்தனை விழுக்காடு என்பதோடு, உதவி எந்த ஆண்டு வரை என்பதையும் நான் குறித்துவைப்பது இதனால்தான்.