விற்றுக் குத்தகையெடுப்பு

ஒரு கைபேசி நிறுவனம் தன் கோபுரங்களை விற்றுவிட்டதாகச் செய்தி வந்தால், கடையைக் கட்டுகிறார்கள் போலும் என்றுதான் முதலில் தோன்றும். மறுநாள் அதே கோபுரத்தில் அதே நிறுவனத்தின் ஆன்டெனாக்கள் இருக்கும். அழைப்புகளும் வழக்கம்போலப் போகும். நேற்றுவரை கோபுரத்துக்கு உரிமையாளராக இருந்த நிறுவனம் இன்று அதில் குடியிருக்கிறது. விற்ற சொத்தை, விற்ற கையோடு வாங்கியவரிடமிருந்தே நீண்ட காலத்துக்குக் குத்தகைக்கு எடுத்துக்கொள்ளும் இந்த ஏற்பாட்டுக்கு ஆங்கிலத்தில் 'சேல் அண்ட் லீஸ்பேக்' என்று பெயர். இதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

எது விற்கப்படுகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். இரும்புக் கோபுரம், அதன் அடியில் உள்ள அறை, மின்கலங்கள், டீசல் ஜெனரேட்டர் ஆகியவை மட்டுமே கைமாறும். ஆன்டெனா, ரேடியோக் கருவிகள், அலைக்கற்றை உரிமம், வாடிக்கையாளர்கள் எல்லாம் விற்றவரிடமே இருக்கும். கோபுரம் நிற்கும் நிலம் பெரும்பாலும் இருவருக்குமே சொந்தமில்லை. அது வேறொருவரிடம் குத்தகைக்கு எடுத்ததாக இருக்கும். ஆகவே ஒரு கோபுரத்தில் குத்தகைமேல் குத்தகையாக இரண்டு அடுக்குகள் உண்டு.

வாங்குபவருக்கு என்ன ஆதாயம்? கோபுரம் ஒரு நிறுவனத்தின் கையில் இருக்கும்வரை, போட்டி நிறுவனத்தின் ஆன்டெனாவை அதில் ஏற்ற அந்த நிறுவனத்துக்கு மனம் வராது. கோபுர வணிகம் மட்டுமே செய்கிறவருக்கு அந்தத் தயக்கம் இல்லை. இரண்டாவது குத்தகைதாரர் ஏறும்போது செலவு கொஞ்சம்தான் கூடும், வருமானமோ ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஒரு கோபுரத்தில் சராசரியாக எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்பதை வைத்துத்தான் இந்தத் தொழிலில் லாபம் கணக்கிடப்படுகிறது. விற்பவருக்கோ, இரும்பில் முடங்கிக் கிடந்த பணம் மொத்தமாகக் கைக்கு வரும். அதை அலைக்கற்றைக்கோ பழைய கடனுக்கோ திருப்பலாம்.

இனி சொல்லுக்கு வருவோம். 'லீஸ்' என்பது பழைய பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. இன்றைய பிரெஞ்சிலும் 'லெசே' என்றால் 'விடு' என்றுதான் பொருள். அதன் வேர் லத்தீனில் 'லக்ஸாரே', அதாவது தளர்த்துதல். ரிலாக்ஸ், ரிலீஸ் என்று நாம் அன்றாடம் சொல்லும் சொற்களும் இதே வேரில் கிளைத்தவை. பிடித்திருக்கும் பொருளின்மேல் பிடியைத் தளர்த்தி இன்னொருவரிடம் விடுவதே ஆதிப்பொருள். தமிழிலும் நாம் குத்தகைக்கு 'விடுகிறோம்', வாடகைக்கு 'விடுகிறோம்'. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு மொழிகள் ஒரே வினையைப் பிடித்திருப்பதைப் பார்க்கும்போது எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

குத்தகை தென்னாட்டுச் சொல். கன்னடத்தில் 'குத்திகெ', தெலுங்கில் 'குத்த' என்று உறவுகள் உண்டு. நிலவுடைமை வழக்கில் இதற்கும் 'வாரம்' என்பதற்கும் தெளிவான வேறுபாடு இருக்கிறது. வாரம் என்றால் விளைச்சலில் பங்கு. விளைச்சல் குறைந்தால் நிலக்காரரின் பங்கும் குறையும். குத்தகை என்றால் முன்கூட்டியே பேசி முடித்த அளவு. விளைந்தாலும் விளையாவிட்டாலும் அளந்தாக வேண்டும். கோபுர ஒப்பந்தம் இந்த இரண்டாவது வகை. எத்தனை பேர் அந்தக் கோபுரம் வழியாகப் பேசினார்கள் என்பதைப் பொறுத்துக் கட்டணம் மாறுவதில்லை. பல ஆண்டுகளுக்கு ஒரு தொகை பேசி, ஆண்டுதோறும் இத்தனை விழுக்காடு ஏற்றம் என்றும் எழுதிவிடுவார்கள். அதனால்தான் 'வாடகை' என்பதைவிடக் குத்தகையே இங்கு பொருந்தும் என்கிறேன். வாடகை மாதக் கணக்கில் நினைக்கும் சொல். குத்தகைக்குள் காலமும் கட்டுப்பாடும் சேர்ந்தே இருக்கின்றன.

அந்தக் கட்டுப்பாட்டை நம்பி வாங்கியவர் ஏமாந்துபோவதும் உண்டு. 2010-இல் ஏர்செல் தன் 17,500 கோபுரங்களைச் சுமார் 8,400 கோடி ரூபாய்க்கு கோபுர வணிகம் செய்யும் ஜிடிஎல் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் குழுமத்துக்கு விற்று, அவற்றிலேயே குத்தகைதாரராகத் தொடர்ந்தது. 2018-இல் ஏர்செல் திவால் நடவடிக்கைக்குப் போய்ச் சேவை நின்றது. அளக்க வேண்டிய கையே இல்லாமல் போனபின் குத்தகைச் சீட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? முதன்மைக் குத்தகைதாரரை இழந்த கோபுரங்கள் வாங்கியவரின் தலையில் பெருஞ்சுமையாக இறங்கின.

'லீஸ்பேக்' என்பதற்கு 'மீள்குத்தகை', 'மறுகுத்தகை' என்று எழுதத் தோன்றும். இரண்டையும் நான் ஏற்கவில்லை. 'பேக்' என்ற ஒட்டுக்கு 'மீள்' என்று நேருக்கு நேர் நிறுத்தியதால் வந்த வினை இது. மறுகுத்தகை என்று கேட்டவுடன், காலம் முடிந்த குத்தகையைப் புதுப்பித்தல் என்றே மனம் கொள்ளும். மீள்குத்தகையும் அப்படித்தான். இங்கே எதுவும் இரண்டாம் முறை குத்தகைக்குப் போகவில்லை. விற்பனை ஒன்று, குத்தகை ஒன்று, அவ்வளவே.

இதைவிடப் பெரிய குறை திசை பற்றியது. ஆங்கிலத்தில் சொத்தைக் கொடுப்பவரும் 'லீஸ்' செய்கிறார், பெறுபவரும் 'லீஸ்' செய்கிறார். யார் எந்தப் பக்கம் என்று தெரியாததால்தான் 'பேக்' என்ற ஒட்டு தேவைப்பட்டது. தமிழில் அந்தக் குழப்பமே கிடையாது. கொடுப்பவர் விடுகிறார், பெறுபவர் எடுக்கிறார். நம் மொழி பிரித்து வைத்திருப்பதைப் பயன்படுத்தாமல், ஆங்கிலம் தன் குறையை நிரப்பிக்கொள்ளச் சேர்த்த ஒட்டை நாம் ஏன் சுமக்க வேண்டும்? 'எடு' என்ற வினையைச் சொல்லுக்குள் வைத்துவிட்டால் போதும். விற்றவரே எடுப்பவர் என்பதும் வாங்கியவரிடமிருந்தே எடுக்கிறார் என்பதும் அதிலேயே விளங்கிவிடும்.

அப்படிப் பிறப்பதுதான் 'விற்றுக் குத்தகையெடுப்பு'. 'விற்றுக்குத்தகை' என்று சுருக்கலாமே என்று கேட்கலாம். 'விற்று' என்பது வினையெச்சம். அது ஒரு வினையில் போய் முடிய வேண்டும். குத்தகை பெயர்ச்சொல், அதில் முடியாது. 'விட்டுக்கொடுப்பு', 'எடுத்துரைப்பு' போன்றவற்றில் பின்னால் நிற்பது வினையிலிருந்து பிறந்த பெயர் என்பதால் எச்சம் அங்கே இயல்பாக அமர்கிறது. 'எடுப்பு' அந்த வேலையைச் செய்கிறது. சொல் நீளம்தான்; ஆனால் கேட்பவர் விளக்கம் கேட்கத் தேவையிருக்காது.

'விற்று' என்ற பகுதியே பொருந்தாத ஒப்பந்தங்களும் உண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும். 2013-இல் அமெரிக்காவின் ஏடி அண்ட் டி கைபேசி நிறுவனம் கிரவுன் காசில் என்ற கோபுர நிறுவனத்துடன் செய்த 485 கோடி டாலர் ஒப்பந்தத்தில் சுமார் 9,700 கோபுரங்கள் இருந்தன. அவற்றில் விற்கப்பட்டவை ஏறக்குறைய 600 மட்டுமே. மற்ற 9,100 கோபுரங்களும் சராசரியாக 28 ஆண்டுகளுக்குக் குத்தகைக்கு விடப்பட்டவை. தனக்கு வேண்டிய இடத்தை ஏடி அண்ட் டி அவற்றிலிருந்து திரும்ப எடுத்துக்கொண்டது. 2015-இல் வெரைசன் என்ற மற்றொரு கைபேசி நிறுவனம், அமெரிக்கன் டவர் என்ற கோபுர நிறுவனத்துடன் 11,300-க்கும் மேற்பட்ட கோபுரங்களுக்குச் செய்ததும் இதே வகை. அதில் நேரடி விற்பனை 165 கோபுரங்கள்தான். செய்தித் தலைப்புகளில் எல்லாமே 'விற்பனை' ஆகிவிட்டது. இதற்குத் தமிழில் சொல் இல்லாமல் இல்லை: 'விட்டு உள்குத்தகையெடுப்பு' என்றால் முடிந்தது. குத்தகைக்கு எடுத்தவர் மேலும் ஒருவருக்குக் குத்தகைக்கு விடுவதை உள்குத்தகை என்று சொல்லும் வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது.

பெயர் விற்பனை என்றிருந்தும் உள்ளுக்குள் கடனாக இருப்பது மற்றொரு வகை. பத்திரத்தில் கிரயம் என்று இருக்கும். நடப்பதோ சொத்தை ஈடுவைத்துப் பணம் வாங்கி, வட்டியைக் குத்தகை என்ற பெயரில் கட்டுவதாக இருக்கும். 1939-இல் ஒஹையோ மாநிலத்தின் லாசரஸ் பல்பொருள் அங்காடி தொடர்பான வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதைத்தான் பார்த்தது. அங்காடி தன் கட்டடத்தை வங்கியின் பெயருக்கு மாற்றி 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்திருந்தது. ஏட்டில் என்ன எழுதியிருந்தாலும் இது கடனே, எனவே வரிக்கணக்கில் கட்டடத்தின் தேய்மானத்துக்கான கழிவு அங்காடிக்கே உரியது என்று தீர்ப்பானது. 2019 முதல் நடப்பில் உள்ள ஐஎஃப்ஆர்எஸ் 16 என்ற பன்னாட்டுக் கணக்கியல் தரமும் அந்த வழியில்தான் செல்கிறது. சொத்தின் கட்டுப்பாடு உண்மையில் கைமாறாவிட்டால் அதை விற்பனையாகக் காட்ட முடியாது. வாங்கிய பணத்தைக் கடனாகவே எழுத வேண்டும். அத்தகைய ஏற்பாட்டைத் தமிழில் எழுதும்போது 'விற்று' என்று தொடங்காமல் 'ஈடு' என்றோ 'அடமானம்' என்றோ எழுதுவதே நேர்மை.

'டவர்' பற்றி ஒரு வார்த்தை. பேச்சில் 'டவர் கிடைக்கலை' என்றால் சிக்னல் இல்லை என்று பொருள். இரும்பும் அலையும் நம் வாயில் ஒன்றாகிவிட்டன. எழுத்தில் கைபேசிக் கோபுரம் என்பது நிலைத்துவிட்டது, அதை மாற்ற வேண்டியதில்லை.

பயன்படுத்தும் முறை: 'நிறுவனம் தன் கோபுரங்களை விற்றுக் குத்தகைக்கு எடுத்தது' என்று வினையாக எழுதலாம். 'கோபுரங்களின் விற்றுக் குத்தகையெடுப்பால் நிறுவனத்தின் கடன் குறைந்தது' என்று பெயராகவும் எழுதலாம். வாங்கியவர் பக்கமிருந்து சொல்லும்போது வினை மாறும்: 'கோபுர நிறுவனம் வாங்கி, விற்றவருக்கே குத்தகைக்கு விட்டது.'