கௌர் என்றால் என்ன பொருள்?

2025-இல் பெண்கள் கிரிக்கெட் உலகக் கோப்பையை வென்ற இந்திய அணியின் கேப்டன் ஹர்மன்பிரீத் கௌர். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற ஆண்கள் ஹாக்கி அணியின் கேப்டன் ஹர்மன்பிரீத் சிங். இருவருக்கும் ஒரே பெயர். சீக்கியர்களிடம் முதற்பெயர்கள் பெரும்பாலும் இருபாலாருக்கும் பொது. ஆணா பெண்ணா என்று சொல்வது பின்னால் வரும் சொல்தான்.

நம் நாளிதழ்கள் கவுர் என்றும் கௌர் என்றும் எழுதுகின்றன. பஞ்சாபியை எழுதும் குர்முகி எழுத்தில் ககரமும் ஔகாரக் குறியும் ரகரமும்தான் இருக்கின்றன. எனவே கௌர் என்பதே சரி.

பொருளில்தான் குழப்பம் அதிகம். ‘பெண்சிங்கம்’ என்று பலர் எழுதுகிறார்கள். சிங் என்றால் சிங்கம், அப்படியானால் கௌர் அதன் பெண்பால் என்று அவர்களாகவே முடிவுகட்டிவிடுகிறார்கள். பஞ்சாபியில் பெண்சிங்கம் ஷேர்னி. கௌர் வந்த வழியே வேறு. வடமொழி ‘குமார’ பேச்சில் தேய்ந்து குன்வர், கன்வர் ஆகி, அப்புறம் கௌர் ஆனது. நம் குமாரசாமியில் இருப்பதும் அதே குமாரன்தான். பஞ்சாபை ஆண்ட மகாராஜா ரஞ்சித் சிங்கின் பேரனை ‘கன்வர் நௌ நிஹால் சிங்’ என்று அழைத்தார்கள். அரசனின் வாரிசு என்று பொருள். ஆக, ஆண் வாரிசுக்கு வழங்கிய பட்டத்தைத்தான் சீக்கியப் பெண்கள் பெயரில் சுமக்கிறார்கள்.

1699-இல் ஆனந்த்பூரில் குரு கோவிந்த் சிங், தீட்சை பெற்ற சீக்கியர்களின் அமைப்பான கால்சாவை நிறுவியதோடு மரபு இதை இணைக்கிறது. பெண் குழந்தை எல்லாருக்கும் கௌர் என்று விதியாக எழுதிவைத்தது 20-ஆம் நூற்றாண்டின் சீக்கிய நெறிமுறை. இதன் அருமை புரிய ‘கோத்’ என்ற சொல்லும் தெரிய வேண்டும். கோத் என்றால் குலப்பெயர். சந்து, தில்லான் என்று சொன்னாலே ஜாட் சாதிக் குடும்பம் என்று பஞ்சாபில் கண்டுகொள்வார்கள். எல்லா ஆணும் சிங், எல்லாப் பெண்ணும் கௌர் என்றால் யார் என்ன சாதி என்று பெயரை வைத்துச் சொல்ல முடியாது. கல்யாணம் ஆனாலும் கணவன் பெயருக்கு மாற வேண்டியதில்லை.

வெளிநாட்டுக்குப் போனதும் இந்த ஏற்பாட்டில் விரிசல் விழுந்தது. டெல்லியில் இருக்கும் கனடா தூதரகம், சிங், கௌர் என்று மட்டும் இருந்தால் குடியேற்றத்துக்குப் போதாது, வேறு குடும்பப் பெயர் வேண்டும் என்று சுமார் 10 ஆண்டுகள் கேட்டுக்கொண்டிருந்தது. எதிர்ப்பு கிளம்பி, 2007-இல்தான் கைவிட்டார்கள். சாதியை மறைக்க வந்த பெயர் பொதுவாக இருக்கிறது என்பதுதான் அங்கே குற்றம்! வேறு பெயர் வேண்டுமென்றால் கைக்கு எட்டுவது கோத்தானே? 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப்பட்டத்தை உதறிய வரலாறு நமக்கு உண்டு. அதனாலேயே எனக்கு இது கூடுதலாக வலிக்கிறது.

பல குடும்பங்களில் பெண்ணுக்கும் சிங் என்பதையே குடும்பப் பெயராக்கினார்கள். வேறு சிலர் கோத்தைக் கடைசியில் வைத்தார்கள். கௌர் நடுவில் ஒதுங்கியது. படிவங்களில் சுருங்கிச் சுருங்கி ‘கே’ என்ற ஒற்றை எழுத்தாகவும் நின்றது.

பெயரில் மட்டுமல்ல, சாதி கோயிலிலும் கூடவே வந்தது. பிரிட்டனில் தச்சர், கொல்லர் மரபில் வந்த ராம்கடியாக்களின் குருத்வாராக்கள் தனி, பக்திக் கவிஞர் ரவிதாசரைப் போற்றும் தலித் மக்களான ரவிதாசியரின் கோயில்கள் தனி. 2009-இல் வியன்னாவின் ரவிதாசர் கோயிலில் நடந்த தாக்குதலில் ரவிதாசியரின் சமயத் தலைவர்களில் ஒருவரான சந்த் ராமானந்த் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டே ரவிதாசியரில் ஒரு பகுதியினர் தங்கள் மதம் தனி மதம் என்று அறிவித்தார்கள்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? பெண்சிங்கம் என்று எழுதாதவர்கள் ‘இளவரசி’ என்றே பெயர்க்கிறார்கள், நானும் அப்படித்தான் எழுதிவந்தேன். இப்போது அதை விட்டுவிட்டேன். இளவரசி என்றால் அரசனின் மகள், அல்லது இளவரசனின் மனைவி. யாரோ ஒருவரை வைத்து வரும் பெருமை அது. கௌர் என்பது பட்டத்துக்கு உரியவர். அதற்கு நம்மிடம் ‘இளவரசு’ இருக்கிறது. அன் விகுதியும் இல்லை, இகர ஈறும் இல்லை. ஆட்பெயராக வரும்போது கௌர் என்றே எழுதுங்கள். பொருள் சொல்லும் இடத்தில், ‘கௌர், அதாவது இளவரசு’ என்று எழுதலாம்.