எடைக்கல்லாக ஒரு நிலக்கடலை

பித்தளையில் ஒரு நிலக்கடலை. ஓட்டின் வலைவரி, நடுவில் ஒடுங்கிய இடுப்பு எல்லாம் அச்சு அசலாக இருக்கும், ஏனென்றால் அதை யாரும் செதுக்கவில்லை. நிஜக் கடலையைக் களிமண்ணில் பொதிந்து சுட்டால் உள்ளே கடலை எரிந்து சாம்பலாகிவிடும், அந்தக் குழியில் உருக்கிய பித்தளையை இறக்கி, ஆறினதும் மண்ணை உடைத்தால் கடலை மறுபடி கைக்கு வரும். வண்டு, விதை, நண்டுக் கொடுக்கு என்று இப்படிப் பலதையும் வார்த்திருக்கிறார்கள், இன்றைய கானாவிலும் ஐவரி கோஸ்ட்டிலும் வாழும் அகான் மக்கள். எதற்கு? பொன்தூளை நிறுக்க.

அவர்கள் ஊரில் பொன்தூள்தான் பணம். 1471இல் போர்ச்சுகீசியர் அந்தக் கடற்கரைக்கு வருவதற்கு முன்பே தங்கம் சஹாராவைத் தாண்டி வடக்கே போய்க்கொண்டிருந்தது. வியாபாரம் யாரோடோ அவர்கள் அளவைக்கு ஏற்ப எடைக்கல்லும் வேண்டும், அதனால் இஸ்லாமிய மித்கால், அப்புறம் ஐரோப்பிய அவுன்ஸ் என்று பல அளவைகள் ஒரே பைக்குள் சேர்ந்துவிட்டன. சில்லறைக்கு விதைகள். அதில் ஒன்று, நம் தட்டார்கள் பொன் நிறுத்த அதே குன்றிமணி!

முதலில் வந்தவை கோடும் கட்டமுமான வடிவங்கள். மனிதரும் மிருகமும் பெருகியது பிற்பாடு. இவற்றைத் தேன்மெழுகில் செய்வார்கள், மெழுகை நூலாக உருட்டி விரல் நீளத்துக்குள் கை, கால், வால் எல்லாம் வைத்து, மேலே கரித்தூள் கலந்த நைசான களிமண்ணைப் பூசி, அதற்கு மேல் முரட்டு மண் பூசிச் சுட்டு மெழுகை ஓடவிடுவார்கள். அச்சை உடைத்தால்தான் பொம்மை வெளியே வரும், ஆகவே ஒன்றைப் போல இன்னொன்று அப்படியே அமையாது.

இங்கேதான் ஒரு சிக்கல். உருவத்துக்கும் எடைக்கும் சம்பந்தமே இல்லை. மீன் என்றால் இத்தனை, முதலை என்றால் இத்தனை என்ற கணக்கு கிடையாது. வார்த்ததும் எடை கூடியிருந்தால் அராவுவார்கள், சில சமயம் ஒரு காலையோ வாலையோ ஒடித்துவிடுவார்கள், குறைந்தால் ஈயம் சேர்ப்பார்கள். அருங்காட்சியகத்தில் வால் போன சிறுத்தையைப் பார்த்தால் பாவம் உடைந்துவிட்டது என்று உடனே முடிவு செய்யாதீர்கள், எடை சரிபார்த்ததாகவும் இருக்கலாம். சந்தையில் வாங்குகிறவர் தன் கல்லில் நிறுப்பார், விற்கிறவர் அதையே தன் கல்லில் மறுபடி நிறுப்பார், ஒத்துவராவிட்டால் பேரம். 1817இல், அகான் மக்களில் ஒரு பிரிவினரான அசாந்தேக்களின் தலைநகர் குமாசிக்குப் போன பௌடிச் என்ற ஆங்கிலேயர், அசாந்தே அரசரின் கற்கள் ஊர்க் கற்களைவிட மூன்றில் ஒரு பங்கு கனம் என்று எழுதிவைத்தார். அரண்மனைக் கல்லில் வாங்கி ஊர்க் கல்லில் செலவழித்து, மிச்சத்தை அரண்மனை ஆட்கள் மடியில் கட்டிக்கொண்டார்களாம்.

சரி, எடைக்கு உதவாத உருவம் எதற்கு? பேச்சுக்கு. அகான் மக்களுக்குப் பழமொழி இல்லாமல் பேச்சு ருசிக்காது. ஒரே வயிற்றை ஒட்டிக்கொண்ட இரண்டு முதலைகளைப் பார்த்ததும், எது தின்றாலும் இரை ஒரே வயிற்றுக்குத்தான் போகப்போகிறது, ஆனாலும் அதற்கு அடித்துக்கொள்கின்றன என்பது அவர்களுக்கு நினைவு வரும். கூட்டுக்குடும்பத்துக்கு இதைவிடப் பொருத்தமான பொம்மை இருக்க முடியாது. சிறுத்தை என்றால், மழை தோலை நனைக்கும், புள்ளியைக் கழுவாது. கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்க்கும் சங்கோஃபா பறவை, மறந்துவிட்டு வந்ததைத் திரும்பப் போய் எடுத்துக்கொள்வதில் தப்பில்லை என்கிறது. முள்ளம்பன்றி அசாந்தே படையின் சின்னம், அதன் முட்களைப் போல ஆயிரம் பேரைக் கொன்றால் ஆயிரம் பேர் வருவார்கள்.

ஆனால் ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு பழமொழி என்று பட்டியல் போடுவது, என்னைக் கேட்டால், கொஞ்சம் மிகை. ஒரே உருவத்துக்கு நாலு பழமொழி உண்டு, சில உருவங்களைச் செய்தவன் ஆசைக்குச் செய்திருப்பான். அந்த நிலக்கடலை எதைச் சொல்கிறதாம்?

19ஆம் நூற்றாண்டின் முடிவில் பிரிட்டிஷ் நாணயம் பொன்தூளை ஒதுக்கிவிட்டது. இன்றும் சுற்றுலாப் பயணிகளுக்காக இதே பொம்மைகளை வார்க்கிறார்கள், ஆனால் அவற்றை யாரும் அராவிப் பார்ப்பதில்லை. எத்தனை கிராம் இருந்தால் என்ன?