வடக்கு மதிலோரம் நிழல் என்று எந்த ஊர்ப் புத்தகம் சொன்னது?

வைகாசி பிறந்தால் போதும், காரைக்குடி, தேவகோட்டைப் பக்கமிருந்து நிழல்செடிகளின் ஒரே மாதிரிப் படங்கள் எனக்கு வரத் தொடங்கிவிடும். நுனி கருகிய பெரணி, வெளுத்துப்போன பீஸ் லில்லி, சுருண்ட கலாத்தியா. கூடவே மாறாத ஒரு கேள்வி: "வடக்கு மதிலோரம்தானே வச்சோம், புத்தகத்துல நிழல்னு போட்டிருக்கே?" இந்த வாரம் வந்த படத்தில் ஒரு மதில் நீளத்துக்கும் வரிசையாகக் காய்ந்து நிற்கின்றன. தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டது.

புத்தகம் பொய் சொல்லவில்லை. அதை எழுதியவர் இருக்கும் ஊர் வேறு. லண்டன் பூமத்திய ரேகைக்கு வடக்கே 51 பாகையில் இருக்கிறது. அங்கே வருடம் முழுக்க நண்பகல் சூரியன் தெற்கு வானில்தான் நிற்கும். அதனால் வடக்குச் சுவருக்கு உச்சி வெயில் படவே படாது. காரைக்குடி இருப்பது 10 பாகையில். சித்திரை முதல் வாரம் சூரியன் நேர் உச்சந்தலைக்கு வரும். அன்றிலிருந்து ஆவணி பத்துத் தேதி வாக்கு வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே இருக்கும். அக்னி நட்சத்திரமும் அதற்குள் அடக்கம். அதாவது வெயில் கொளுத்தும் மாதங்களில் அடி வாங்குவது வடக்குப் பக்கம், நிழல் விழுவது தெற்குப் பக்கம்.

இன்னும் சந்தேகமா? 10 அடி மதில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மார்கழி முதல் வாரம் நண்பகலில் அதன் நிழல் வடக்கே ஆறரை அடி விழும். ஆனி முதல் வாரம் அதே மதிலின் நிழல் தெற்கே இரண்டரை அடிகூட வராது. வடக்கே சுத்தமாக இல்லை. வீட்டுக்காரர்கள் இடம் பார்ப்பது பெரும்பாலும் பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது. அப்போது வடக்குப் பக்கம் குளுகுளுவென்று இருக்கும், புத்தகமும் ஆமோதிக்கும். நான்கு மாதத்தில் கருகும். வடக்கு மதிலோரம் வைக்கும் செடி வெயிலையும் நிழலையும் சேர்த்துத் தாங்க வேண்டும். மருள், நந்தியாவட்டை இரண்டுமே தாங்கும். பெரணிதான் வேண்டுமென்றால் மேலே நிழல்வலை கட்டுங்கள். வீட்டு நடுவே வானம் பார்த்த வளவு முற்றத்துக்கும் இதே கணக்குதான். சித்திரையில் உச்சி வெயில் நேரே கல் தளத்தில் இறங்கும், தொட்டிகளைத் தாழ்வாரத்துக்குள் இழுத்துவிடுங்கள்.

ஆகவே புத்தகத்தை வாங்கியதும் படத்தைப் பார்க்காதீர்கள், எங்கே அச்சிட்டது என்று பாருங்கள். வெளிநாட்டுப் புத்தகம் தரும் 'ஸோன்' எண் குளிர்காலத்தில் எவ்வளவு குளிர் தாங்கும் என்பதற்கானது. நம் கோடையைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. 'வசந்தத்தில் நடவும்' என்பதைப் படித்துப் பங்குனியில் நட்டால் செடி வேர் பிடிப்பதற்குள் கோடை வந்து நிற்கும். நமக்குப் புரட்டாசிக் கடைசி, ஐப்பசி. மழை பார்த்துக்கொள்ளும்.

மண் விஷயத்தில் இந்த வட்டாரத்துக்கே உரிய ஒரு தொல்லை உண்டு. இட்லிப்பூவுக்குப் புளிப்பு மண் வேண்டும் என்று புத்தகம் சொல்கிறது; நம்முடையது செம்மண், சரியாகத்தான் இருக்கும் என்று நடுகிறார்கள். ஆனால் பழைய வீட்டைப் புதுப்பித்தபோது உடைத்த சுண்ணாம்புக் காரை முழுவதும் அதே கொல்லையில்தான் கொட்டிக் கிடக்கிறது, அது மண்ணின் புளிப்பை முறித்துவிடும். இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறதா? அது இரும்புச்சத்துக் குறைவு. யூரியாவைத் தூக்காதீர்கள், தயவுசெய்து. நடுவதற்கு முன் ஓர் அடி ஆழத்து மண்ணை எடுத்து, உலர்த்தி, மேலே வினிகரை ஊற்றுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. இரண்டடி நீள, அகல, ஆழத்துக்குத் தோண்டி, காரை படாத செம்மண்ணும் மக்கிய தொழு உரமும் போட்டு நடுங்கள். ஏற்கெனவே நட்டாயிற்று என்றால் லிட்டருக்கு 5 கிராம் ஃபெரஸ் சல்ஃபேட், சில சொட்டு எலுமிச்சைச் சாறு கலந்து மாலையில் இலையில் தெளிக்கலாம். மண்ணில் இடுவதற்குக் கடைக்காரர் நீட்டும் ஈடிடிஏ (EDTA) இரும்பு சுண்ணாம்பு மண்ணில் நிற்காது, ஈடிடிஹெச்ஏ (EDDHA) என்று கேட்டு வாங்குங்கள். போர் தண்ணீரும் உப்பாக இருந்தால் இட்லிப்பூ ஆசையை விட்டுவிடுவதே நல்லது.

உயரம், அகலம் இரண்டையும் படியுங்கள். வீட்டுக்குள் வளர்க்கும் செடிகள் பற்றிய புத்தகத்தில் ஃபைகஸ் பெஞ்சமினா ஆறடி என்று இருக்கும். அது தொட்டிக் கணக்கு. தரையில் இறக்கினால் பெரிய மரம். வேர் மதிலையும் மழைநீர்க் கால்வாயையும் பிளக்கும். பக்கவாட்டில் 8 மீட்டர் பரவும் மரத்துக்குச் சுவரிலிருந்து 4 மீட்டராவது வேண்டும். நம் ஊரில் செம்புராங்கல் பாறை வேறு எங்கே தட்டுப்படும் என்று சொல்ல முடியாது. மரம் வைக்குமுன் கடப்பாரையால் மூன்றடி இறக்கிப் பாருங்கள்.

நம் மாநிலத் தாவரங்களுக்குத் தாவரவியலாளர் காம்பிள் 1915இல் தொடங்கிய சென்னை மாகாணத் தாவரநூல் இருக்கிறது. அதில் நடவுக் குறிப்பு கிடையாது, ஆனால் ஒரு செடி வறண்ட புதர்க்காட்டில் வளர்கிறதா, ஓடைக்கரையிலா என்று இருக்கும். தோட்டக்காரருக்கு அது தங்கம். பெயர்கள் மட்டும் பழையவை: ஆவாரை அங்கே காசியா, இப்போது சென்னா. இன்றைய பெயரைச் சரிபார்த்த பிறகே நர்சரிக்குப் போங்கள்.

வெறும் தமிழ்ப் பெயரைச் சொல்லியும் வாங்காதீர்கள். அரளி என்றால் செவ்வரளியும் வரும், மஞ்சள் பூப் பூக்கும் தங்க அரளியும் வரும். இரண்டும் வெவ்வேறு செடிகள், இரண்டுமே இதயத்தைத் தாக்கும் நஞ்சு. அழகான படத்தின் கீழே இதைப் பொடி எழுத்தில்தான் போடுவார்கள். குழந்தைகளோ ஆடு மாடோ இருக்கும் வீட்டில் தங்க அரளி வேண்டவே வேண்டாம். யாராவது காயைக் கடித்துவிட்டால் கைவைத்தியம் பார்க்காமல் நேரே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள், காயோடு ஒரு கொப்பையும் ஒடித்து எடுத்துக்கொண்டு.